நிதானம் வாங்கிய அகலத்திரை

பணிமனையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் பாதிப் பேர் விழிப்பார்கள். ‘நிதானம்’ என்று கேட்டால், வாயிலில் நிற்கும் காவலாளிகூட எந்த வண்டியில் இருக்கிறார் என்று கைகாட்டிவிடுவார். இருபத்தைந்து வருடமாக நகரப் பேருந்து ஓட்டியவர். மஞ்சள் விளக்கைப் பார்த்து வேகத்தைக் கூட்டியதில்லை. ஓடிவருகிற ஆளைக் கண்ணாடியில் பார்த்தபின் கதவை மூடியதில்லை. அவர் வண்டியில் நின்றுகொண்டு வருகிறவர்கள், கம்பியை விட்டுவிட்டுக் கைப்பைக்குள் சாவி தேடலாம் என்று பேர். அவரைக் கேலி செய்வதற்குச் சக ஓட்டுநர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு விஷயம்தான்: நாள் முழுக்கப் பேருந்து ஓட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கணினியில் லாரி ஓட்டுகிற மனிதர் அவர்.

“பகலெல்லாம் செக்கு சுத்துன மாடு, வீட்டுக்குப் போயும் நாலு சுத்து சுத்திட்டுத்தான் படுக்குதாம்” என்பார், அவருக்கு அடுத்து அதே வண்டியை எடுக்கும் ஓட்டுநர். நிதானம் சிரித்துக்கொள்வார். காரணத்தைச் சொன்னதில்லை.

காரணம் மகள். ஒரே பெண். படிப்புக்காக வேறு ஊருக்குப் போனவள், அங்கேயே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். போன புதிதில் தொலைபேசியில் பேசினார்கள். “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்பா.” “தூங்கினியா?” “தூங்கினேன்பா.” அதற்குமேல் இரண்டு பேருக்கும் வார்த்தை வராது. “இரு, அம்மாகிட்ட தரேன்” என்று கைமாற்றிவிட்டு, அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசுவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு விடுமுறைக்கு வந்தவள், தான் படித்த காலத்துப் பழைய கணினியில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றினாள். மேசை விளிம்பில் ஒரு ஸ்டீயரிங்கை முடுக்கினாள். காலடியில் பெடல்களை வைத்தாள். “நீங்க இங்கேருந்து ஓட்டுங்க, நான் அங்கேருந்து ஓட்டறேன். ரெண்டு லாரியும் ஒரே ரோட்டுல போகும்பா.”

அன்று தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முன்னே அப்பா லாரி, பின்னே மகள் லாரி. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, சாலையைப் பார்த்தால் போதும் என்றானதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டியது, ஒருவனைப் பிடித்துப்போனது, அப்புறம் அவனைப் பிடிக்காமல் போனது, எல்லாவற்றையும் அவள் லாரியில் வைத்துத்தான் சொன்னாள். பெற்ற தாய்க்குத் தெரியாத சங்கதியெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் மனைவி, உடுப்புகளை அளவு திருத்தித் தரும் கடை ஒன்றில் தையல் வேலை பார்ப்பவர், அதில் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டார். “பேசறதுக்கு இனிமே நானும் ஒரு லாரி வாங்கணும் போல.”

இப்படி ஐந்து வருடம் ஓடியபின், ஒரு காலையில் அது நடந்தது. நிறுத்தத்திலிருந்து வண்டியை எடுத்து, நிலையத்துக்குள் போக இடப்பக்கம் திருப்பினார். சைக்கிளில் வந்த ஒரு பெண்ணைப் பேருந்தின் முன்மூலை தட்டியது. அவள் கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது.

விசாரணையில் அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். “அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். பார்த்துட்டுத்தான் வண்டியத் திருப்பினார்.”

நிதானம் அடித்துச் சொன்னார். “அங்க யாருமே இல்ல சார். கண்ணாடியப் பார்த்தேன், பக்கத்துலயும் பார்த்தேன். காலி ரோடு. என் பொண்ணு மேல சத்தியம்.”

அந்த இடத்தைப் பார்த்த கேமரா எதுவும் இல்லை. ஒரு பக்கம் யாரோ ஒரு பெண்ணின் வார்த்தை, இன்னொரு பக்கம் இருபத்தைந்து வருடப் பேர். கைப்பேசியைப் பார்த்தபடி வந்து அவளே மோதியிருக்கக்கூடும் என்று அறிக்கை முடிந்தது. அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார்: “நேருக்கு நேரா நின்னு, வாய் கூசாம பொய் சொல்றா. நான் அவளைப் பார்த்தேனாம்.” அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. 

அறிக்கை சாதகமாக வந்ததால் சில மாதங்கள் கழித்து, விபத்தே இல்லாமல் வண்டி ஓட்டியவர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. சட்டம் போட்ட சான்றிதழ், கைதட்டல், ஒரு காசோலை.

“அந்தப் பணத்தை வீட்டுச் செலவுல கரைக்காதீங்க. உங்களுக்குன்னு ஏதாவது வாங்கிக்கோங்க” என்றார் மனைவி. மகள் அதற்குள் முடிவே செய்திருந்தாள். “அப்பா, உங்க மானிட்டர் தபால் அட்டை மாதிரி இருக்கு. நல்ல அகல மானிட்டர் ஒண்ணு வாங்கலாம். நாப்பத்தொன்பது இன்ச். வளைஞ்சு இருக்கும். நிஜ லாரில உக்காந்த மாதிரி, சைடு கண்ணாடியெல்லாம் ரெண்டு பக்கமும் அது அது எடத்துல தெரியும்.”

மானிட்டரை மட்டும் மாற்றி ஆகிற காரியமா அது? அவ்வளவு பெரிய படத்தை இழுக்கப் பழைய கிராபிக்ஸ் கார்டுக்குச் சக்தி இல்லை. புது கார்டு வாங்கினால் அதற்குப் பழைய பவர் சப்ளை போதாது. மேசையோ ஒரு சாண் குறைவு. மூன்று வாரம் மகள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாக வாங்கி, கணினிப் பெட்டியைத் திறந்து, திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்துக்கொண்டு தானே மாட்டினார். துணி அலமாரியை நகர்த்திவிட்டுச் சுவரோரம் புதிய மேசை வந்தது. கடைசியில் மானிட்டரும் வந்தது. கதவளவு இருந்த அட்டைப்பெட்டியைக் கணவனும் மனைவியும் இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள்.

“இது டிவியா, கட்டில் பலகையா?” என்றார் மனைவி.

“தலைப்பக்கத்த நல்லாப் பிடி. சாஞ்சா போச்சு.”

“ஆமா, பிறந்த குழந்தையத் தூக்கிட்டு வர்ற மாதிரிதான்.”

திரையை ஏற்றி, கேபிளைச் செருகி, பொத்தானை அழுத்தியதும் அறையின் அந்தச் சுவரே சாலையாகிவிட்டது. விடியற்காலை வெளிச்சத்தில் நனைந்த தார், தூரத்தில் மலை. நிதானம் ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்தார். மனைவி அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “நல்லாருக்குங்க” என்றார். நிஜமாகவே நன்றாக இருந்தது.

அந்த ஞாயிறு இரண்டு லாரிகளும் கிளம்பின. பத்து நிமிடம் ஆகியிருக்காது, நிதானத்தின் லாரி இடப்பக்கம் வந்த ஒரு காரை நசுக்கிக்கொண்டு போய்த் தடுப்பில் முட்டியது.

“அப்பா! கார் வந்துச்சே, பாக்கலையா?”

“எங்க வந்துச்சு? திடீர்னு முளைச்சு வருது.”

மறுபடி ஓட்டினார். மறுபடி முட்டினார். சுங்கச்சாவடித் தூண், பக்கத்துத் தடத்தில் போன வேன், நின்றுகொண்டிருந்த டிராக்டர். பழைய சின்ன மானிட்டரில் ஐந்து வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பெரிய திரைன்னதும் பெரிய ரவுடியாயிட்டீங்கப்பா!” அவரும் சேர்ந்து சிரித்தார், முதல் வாரம்.

இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. மூன்றாவது வாரம் பாதியில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தார். “இதுல ஏதோ கோளாறு இருக்கு. நடுவுல படம் சரியா வருது, ஓரத்துல மட்டும் லேட்டா வருது.” மகள் அங்கிருந்தே அமைப்புகளை மாற்றச் சொன்னாள். பார்வைக் கோணத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். கேபிளை மாற்றினார்கள். ஒன்றும் சரிவரவில்லை.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. அவர் சுள்ளென்று திரும்பியதைப் பார்த்து, “சும்மா சொன்னேங்க” என்றார். அப்படித் திரும்புகிறவர் இல்லை அவர்.

கடைக்குப் புகார் சொன்னதும், ஒரு சனிக்கிழமை முற்பகல் பழுது பார்க்கும் பெண் வீட்டுக்கே வந்தார். முப்பது வயதிருக்கும். மடிக்கணினியை இணைத்துத் திரை முழுவதையும் சிவப்பாக்கினார், பச்சையாக்கினார், வெள்ளையாக்கினார். கோடுகளை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடவிட்டார். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

“எந்த எடத்துல லேட்டாகுது சார்? உக்காந்து காட்டுங்க.”

நிதானம் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். “ஓட்டும்போது நான் இப்படி நேராத்தான் பார்ப்பேன்மா. அப்போ இந்தப் பக்கத்துலேருந்து வர்றது தெரியறதில்ல.”

“சரி, நடுவுலயே பாருங்க. நான் அம்புக்குறிய ஓரத்துலேருந்து கொண்டு வரேன். தெரிஞ்ச உடனே சொல்லுங்க.”

அவர் நடுவில் பார்த்தார். அந்தப் பெண் மௌஸை நகர்த்தினார். இடது ஓரத்தில் கிளம்பிய அம்புக்குறி மெதுவாக உள்ளே வந்தது. வாசற்படியில் நின்ற மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்புக்குறி கால்வாசித் தூரம் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாதியை நெருங்கியது.

“ஆரம்பிச்சாச்சா?” என்றார் நிதானம்.

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தார். விளையாடுகிறாரோ என்று நினைத்திருப்பார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். “ஆ, இப்ப வந்துச்சு!” என்றார் அவர். “பார்த்தியாம்மா, எவ்வளவு லேட்டு!”

வலப்பக்கத்திலிருந்து ஒருமுறை. மேலேயிருந்து ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் அவர் அதே வெற்றிக் குரலில், “இப்பத்தான் வருது” என்று சொன்னார். மூன்றாவது தடவை அந்தக் குரலில் பாதிதான் வந்தது. அவர் மெல்லத் தலையைத் திருப்பி, வாசற்படியில் நிற்கும் மனைவியைத் தேடிப் பிடித்தார்.

“உனக்குத் தெரிஞ்சுதா?”

மனைவி ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

பழுது பார்க்க வந்த பெண் மடிக்கணினியை மூடினார். “சார், மானிட்டர் நல்லா இருக்கு” என்றார். அதைச் சொல்லும்போது ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல அவர் குரல் தாழ்ந்திருந்தது. “நீங்க ஒரு தடவ கண் டாக்டர்கிட்ட காமிச்சிடுங்க சார்.”

அவர் போனபின் நிதானம் நெடுநேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று அவர் கலங்கிப்போயிருப்பதாகத்தான் மனைவி நினைத்தார். அவர் நினைப்பு வேறு எங்கோ இருந்தது.

“அந்தப் பொண்ணு பொய் சொல்லல” என்றார்.

“எந்தப் பொண்ணு?”

“சைக்கிள்ல வந்த பொண்ணு.”

மறுவாரம் கண் மருத்துவமனையில், ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நீண்ட நேரம் புள்ளியே வரவில்லை என்று அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அதற்குள் முப்பது நாற்பது வந்து போயிருந்தன. கடைசியில் ஒரு படத்தை அச்செடுத்துத் தந்தார்கள். நடுவில் சின்ன வெளிச்ச வட்டம், சுற்றிலும் கறுப்பு.

“கண்ணுக்குள்ள அழுத்தம்” என்றார் டாக்டர். “வலிக்காது, அதனால தெரியாது. ஓரத்துலேருந்து மெல்ல மெல்லத் தின்னுட்டு வரும். இல்லாத எடத்த மூளை தானா நிரப்பிக்கும். அதனால இருட்டாக்கூடத் தெரியாது, காலி ரோடு மாதிரிதான் தெரியும்.”

“வருஷா வருஷம் கம்பெனில கண்ணு பார்க்கறாங்களே டாக்டர். கடைசி வரி எழுத்து வரைக்கும் படிச்சிடுவேனே.”

“அது நேர்ப் பார்வை. அது உங்களுக்கு இன்னும் நல்லாத்தான் இருக்கு.”

“எத்தனை நாளா இப்படி?”

“நாள் இல்ல, வருஷக்கணக்கு. போனது போனதுதான். சொட்டு மருந்து போட்டு மிச்சத்தக் காப்பாத்தப் பார்க்கலாம்.”

அந்தப் படத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே பணிமனைக்குப் போனார். மேலாளர் மேசைமேல் தன் ஓட்டுநர் உரிமத்தை வைத்தார். மேலாளர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்தார். நல்ல மனிதர். “பயப்படாதீங்க. வேற ஏதாவது வேலை போட்டுத் தரேன். தொலைஞ்ச பொருள் கவுண்டர்ல ஆள் வேணும்.”

“அது அப்புறம் சார். அந்தச் சைக்கிள் கேஸைத் திரும்பத் திறக்கணும். நான் சொன்னது தப்பு.”

மேலாளர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “முடிஞ்ச விஷயத்த எதுக்குக் கிளறணும்? தெரிஞ்சா செஞ்சீங்க? விருதத் திருப்பிக் கேப்பாங்க. உங்க பேரு என்னாகும்?”

வீட்டிலும் அதே பேச்சுத்தான். “தெரியாம சொன்னது எப்படிங்க பொய்யாகும்?” என்று மனைவி அழுதார். “உங்களுக்குக் கண்ணு போன துக்கம் போதாதா? இதையும் இழுத்துத் தலைல போட்டுக்கணுமா?”

“நான் தெரிஞ்சு இடிச்சாலும் தெரியாம இடிச்சாலும் உடைஞ்சது அவ கைதானே. கூடவே அவளைப் பொய்க்காரின்னும் எழுதி வச்சுட்டு வந்திருக்கேன். நம்ம பொண்ணு மேல சத்தியம் பண்ணி.”

அன்று மாலை கண் படத்தின் நகலோடு வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்திட்டார். நேர்கோட்டில், ஓட்டுநர் குறிப்பேடு எழுதிப் பழகிய கையெழுத்தில்.

சைக்கிளில் வந்த பெண்ணின் முகவரி பழைய கோப்பில் இருந்தது. முடி திருத்தும் நிலையம் ஒன்றில் வேலை. நிதானம் மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். கண்ணாடிகள் வரிசையாக இருந்த நீள அறை. அவள் கத்தரியோடு நிற்கவில்லை. வாசலுக்கருகே மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் நேரத்தை இடது கையால் குறித்துக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு ஒரு பக்கம் சற்றுக் கோணி நின்றிருந்தது.

அவரை அடையாளம் கண்டதும் பேனாவைக் கீழே வைத்தாள். “இன்னும் என்ன?”

அவர் நின்றபடியே சொன்னார். கண் விஷயத்தை, மானிட்டரை, வாக்குமூலத்தை. இடையில் தடுமாறினார், ஆனால் நிறுத்தவில்லை. “நீங்க சொன்னது அத்தனையும் உண்மைம்மா. உங்க பக்கம் திரும்பினேன். பார்த்தேன். எனக்குத் தெரியல.”

அவள் உள்ளே திரும்பி, கடைக்காரம்மாவைக் கூப்பிட்டாள். “இவங்ககிட்ட சொல்லுங்க. நான் போன் பார்த்துட்டு வரலன்னு சொல்லுங்க.”

அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரம்மா, “ஐயோ பாவமே” என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

அவர்கள் வெளியே வந்தபோது அந்தப் பெண்ணும் படி வரைக்கும் வந்தாள். “என் கூடப் பிறந்த அண்ணனே நம்பல” என்றாள். “எட்டு மாசம். காலைல எழுந்துக்கும்போது கை வலிக்கும். உங்க முகத்த நெனச்சுத் திட்டிட்டுத்தான் எழுந்து வேலைக்கு வருவேன். அந்தக் கோபம்தான் என்னைப் பிடிச்சு நிறுத்துச்சு. இப்ப வந்து அதையும் வாங்கிட்டுப் போறீங்க.”

அவர் கைகளைக் குவித்தார். அவள் அதைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

வழக்கு மீண்டும் திறந்தது. சில மாதங்களில் அவளுக்கு இழப்பீடு வந்ததாகக் கேள்விப்பட்டார்கள். கத்தரி பிடிக்கும் விரல்கள் மட்டும் திரும்பி வரவில்லை. விருதுச் சான்றிதழை நிறுவனம் திரும்பக் கேட்கவில்லை. அவரே செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். மானிட்டரையும் கிராபிக்ஸ் கார்டையும் அதே கடைக்கு விற்று, வந்ததையும் மேலே கொஞ்சத்தையும் சேர்த்து, விருதுப் பணத்தை நிறுவனத்தில் திருப்பிக் கட்டினார். பெட்டியை எடுத்துப்போக இரண்டு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் அதை அலட்டிக்கொள்ளாமல் தூக்கிக்கொண்டு இறங்கியபோது, மனைவி அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

மகளுக்குத்தான் எல்லாருக்கும் கடைசியாகச் சொன்னார். அவள் அப்போதே விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தாள். பையைக்கூட இறக்காமல், “நான் சிரிச்சேனேப்பா. நீங்க ஒவ்வொரு தடவ முட்டும்போதும் நான் சிரிச்சேன்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நீ வாங்கச் சொல்லலன்னா இன்னிக்கும் ஓட்டிட்டு இருப்பேன். யாரையாவது கொன்னிருப்பேன். அழாதே.”

மறுநாள் அவள் கணினியில் பழைய கார்டையே மாட்டி, பரணில் கிடந்த பழைய மானிட்டரைத் துடைத்து மேசையில் வைத்தாள். அகலமான அந்த மேசையில் அது ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. “இது சின்னதுப்பா. எல்லாம் உங்க கண்ணுக்குள்ள அடங்கும். எப்பவும் போல ஞாயித்துக்கிழமை ஓட்டலாம்.”

அவள் சொற்படி உட்கார்ந்தார். சாலை வந்தது. அரை மணி நேரம் ஓட்டினார். ஒரு காரைத் தொடவில்லை, ஒரு தூணை உரசவில்லை. பழைய நிதானம். மகள் முகம் மலர்ந்தது. அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

“இதுல நான் நல்லாத்தான் ஓட்டுவேன் பாப்பா. அஞ்சு வருஷமா என்னை ஏமாத்துனதே இதுதான்.”

அதற்குப்பிறகு அவர் உட்காரவில்லை. ஸ்டீயரிங்கைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தார். ஞாயிறு மதியங்களில் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். இரண்டு பேரும் முயன்றார்கள். அவள் ஏதாவது சொல்வாள், அவர் “அப்படியா” என்பார். சாலை இல்லாமல் அந்தப் பேச்சு நகரவில்லை. அவளுக்கு மறுபடி ஒருவரைப் பிடித்திருந்தது. அதை இந்த முறை அம்மாதான் முதலில் அறிந்தார்.

தொலைந்த பொருள் கவுண்டர் வேலை கிடைத்தது. குடைகள், ஒற்றைக் கையுறைகள், மதிய உணவுப் பெட்டிகள். வேலைக்குப் போகும்போது மனைவி இடப்பக்கமாக நடந்து வந்து விட்டுவிட்டு, பிறகு தன் கடைக்குப் போவார். மருந்தை ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. ஆனாலும் அடுத்த வருடப் படத்தில் வெளிச்ச வட்டம் இன்னும் கொஞ்சம் சின்னதாகியிருந்தது. டாக்டர் மருந்தை மாற்றித் தந்தார்.

அந்த வருடம் மகள் வந்துவிட்டுத் திரும்பும்போது, வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்குத் தானே வருவேன் என்றார். மனைவிக்கு அன்று கடையில் அவசர வேலை. மகள் அவரை ஒரு தூண் ஓரமாக நிறுத்தி, “இங்கேயே நில்லுங்கப்பா, நகராதீங்க. வண்டி இந்தப் பக்கமாத்தான் போகும்” என்று சொல்லிவிட்டு ஏறினாள். நாற்பது ஜன்னல்கள். முன்னாலிருந்து ஒவ்வொன்றாக அவர் தேடிக்கொண்டு வந்தார். ஒரு கிழவர், ஒரு குழந்தை, காலியான ஒன்று, தூங்குகிற ஒருத்தி. பாதிகூடத் தேடவில்லை, வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னல்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஓடத் தொடங்கின. “அப்பா” என்ற குரல் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. அவள் எந்த ஜன்னலில் இருக்கிறாள் என்று தெரியாமல், அவர் கையைத் தூக்கிப் பேருந்து முழுவதுக்கும் சேர்த்து ஆட்டிக்கொண்டு நின்றார்.